பி2-ன்னா எந்தக் கணக்கு வரும், எந்தக் கணக்கு வராது?

ஜூலை 8, 2025 – கேட்டது: ஊத்துக்குளிப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா

திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலைக்குப் போறனுங்க. பையன் இப்ப ஏழாவது. ஆறாவது மூணாம் பருவக் கார்டுல கணக்குக்கு 63, கிரேடு பி2-ன்னு போட்டிருக்காங்க. மிஸ்ஸுகிட்ட கேட்டா "பரவால்லீங்க, ஆவரேஜு, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணோணும்"னாங்க. எதுலீங்க முயற்சி பண்றது? எங்க டேபிள்ல ஒரு பீஸ ஒதுக்கி வெச்சா எந்த எடத்துல ஓட்டை, எந்த எடத்துல தையல் வுட்டுருக்குதுன்னு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் வெக்கோணும். ஒட்டாம வெச்சா சூப்பர்வைசரு அந்தப் பீஸ மூஞ்சிக்கு நேரா ஆட்டிக் காட்டுவாரு. எம்பையன் கார்டுல ஸ்டிக்கர் எங்கீங்க இருக்குது?

ஜூலை 8, ராத்திரி

சென்னிமலைப் பக்கம் 28 வருசமா கணக்கு வாத்தியாரு நானு. எத்தனையோ கார்டுல "முயற்சி தேவை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட கை இது. எதுலன்னு ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லீங்க அம்மிணி. சித்த ரோசிச்சு எழுதறேன். அதுக்குள்ள கார்ட மறுக்கா பாத்து ஒண்ணு சொல்லுங்க, அந்த 63 எப்படிப் பிரிஞ்சிருக்குது, வளரறி எத்தன, தொகுத்தறி எத்தன?

ஜூலை 9

வளரறி 36, தொகுத்தறி 27-ஆமா. இதுலயே பாதிக் கதை வந்துருச்சு.

2012-13ல முப்பருவ முறை வந்ததுல இருந்து இதுதான் கணக்கு. வளரறிக்கு 40: சார்ட்டு, செயல்பாடு, சின்னச் சின்ன டெஸ்ட்டு. தொகுத்தறிக்கு 60: பருவக் கடைசில எழுதற பரிட்சை. ரெண்டையுங் கூட்டி கிரேடு. 91க்கு மேல ஏ1, 81ல இருந்து ஏ2, 71ல இருந்து பி1, 61ல இருந்து பி2, 51ல இருந்து சி1, 41ல இருந்து சி2, 35ல இருந்து 40 வரைக்கும் டி, அதுக்குக் கீழ இ1, இ2.

இப்ப உங்க பையன் பரிட்சைல வாங்குனது 60க்கு 27. பாதி கூட இல்ல. வளரறி 36 வந்து தூக்கி வுட்டுருச்சு. வளரறில வாத்தியாருக யாரும் கை சுருக்க மாட்டோமுங்க, நானுந்தான், பையன் வெள்ளைச் சார்ட்டுல சதுரம் வெட்டி ஒட்டிட்டு வந்தா அவங்கம்மா ஒட்டுனதுன்னு தெரிஞ்சே 9 போட்டவன் நான். அதே கிளாஸுல இன்னொரு பொடுசு, நோட்டு ஒழுங்கா எழுதாது, சார்ட்டு கொண்டாறாது, வளரறில 24, பரிட்சைல 39. அதுவும் 63. அதுவும் பி2. ஒருத்தனுக்குக் கணக்கு வரல, இன்னொருத்திக்கு சார்ட்டு வரல, ரெண்டு பேரு கார்டுலயும் ஒரே எழுத்து.

ஜூலை 11

மேல டி 35ல இருந்துன்னு எழுதிட்டேன், தப்பு. 33ல இருந்து 40. இ1 வந்து 21ல இருந்து 32. பத்தாவதுக்குப் பாடம் எடுத்து எடுத்து 35-ங்கற நம்பரு கைல ஒட்டிக்கிச்சு. எம்பட கார்டுல யாராச்சும் ஸ்டிக்கர் ஒட்டுங்க.

ஜூலை 12, சனி

கிரேடு கெடக்கட்டும், மார்க்கே என்ன சொல்லுதுன்னு பாப்போம். நேத்து ஆறாவதுல 402 − 178 போட்டு வுட்டேன். வெடை 224. தப்பாப் போட்டவங்கள்ல ரெண்டு நோட்ட மட்டும் ஊட்டுக்கு எடுத்தாந்தேன்.

ஒருத்தன் 376-ன்னு எழுதிருக்கான். எப்படி வந்துதுன்னு பாருங்க. 2ல 8 போகாது, அதனால 8ல 2 எடுத்து 6. 0ல 7 போகாது, 7ன்னே எழுது. 4ல 1 போனா 3. அவன் மேல எது கீழ எதுன்னு பாக்கறதே இல்ல, பெருசுல இருந்து சிறுசக் கழிக்கறான். கடன் வாங்கறதுங்கற விசயமே அவனுக்குள்ள போகல. 85 − 32 குடுத்தா சரியாப் போடுவான், அதனால மூணாவதுல இருந்து யாரும் கண்டுபிடிக்கல.

அடுத்தவ 324-ன்னு எழுதிருக்கா. 12ல 8 போனா 4, சரி. நடுவுல இருந்த சைபர 9 ஆக்கிட்டா, 9ல 7 போனா 2, அதுவுஞ் சரி. ஆனா சைபருக்குக் கடன் குடுத்த 4, 3 ஆகோணுமில்ல, அத மறந்துட்டா. அப்படியே 4ல 1 போய் 3. கடன் வாங்குனா, கணக்குல எழுதல, அவ்ளோதான். நம்ம ஊரு வட்டிக்கட நோட்டுல நடக்காததா.

அவளுக்கு ரெண்டு நிமிசம் போதும், பத்து ரூபாக் கட்டையும் நூறு ரூபா நோட்டையும் மேசைல வெச்சு மாத்திக் காட்டுனா முடிஞ்சுது. அவனுக்கு ரெண்டு வாரம் வேணும். பேப்பர் திருத்தறப்ப ரெண்டு பேத்துக்கும் சைபர்தான்.

ஜூலை 12, மறுபடியும்

ரெண்டு நிமிசம்னு எழுதிட்டேன், சாயங்காலம் நெனச்சுப் பாத்தா அது வாத்தியாரு வாய்ச்சவடால். திங்கக்கெழமை செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்.

ஜூலை 14

பதினஞ்சு நிமிசம் ஆச்சு. 402 சரியா வந்துது, 5003 − 1267 குடுத்தேன், ரெண்டு சைபரப் பாத்ததும் மறுக்கா மறந்துட்டா.

ஜூலை 20, ஞாயிறு

"ஏ1, பி2-ன்னு இந்த மட்டமெல்லாம் யாரு சார் வகுக்கறது"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. நான் பாத்த வரைக்கும் ரெண்டு வழி இருக்குதுங்க. ஒண்ணு நம்ம கிரேடு மாதிரி, 10 மார்க்குக்கு ஒரு கோடு கிழிச்சு எழுத்துப் போட்டுக்கறது. 60 வாங்குனவனுக்கும் 61 வாங்குனவனுக்கும் நடுவுல என்ன இருக்குதுன்னு கேட்டா ஒண்ணுமில்ல, கோடு இருக்குது.

ரெண்டாவது, மொதல்ல மட்டத்த வாயால சொல்லிட்டு அப்பறம் மார்க்குக்கு வர்றது. 1971ல ஆங்காஃப்-ங்கறவரு எழுதுனது, அவரு பேர்லயே சொல்றாங்க. வாத்தியாருகளக் கூட்டி உக்கார வெச்சு, "இப்பத்தான் தேறிக் கரையேறுனவன்னு ஒரு நூறு பசங்கள நெனச்சுக்கங்க, இந்தக் கேள்விக்கு அதுல எத்தன பேரு சரியா எழுதுவாங்க"ன்னு ஒவ்வொரு கேள்விக்கும் கேப்பாங்க. எல்லாத்தையும் கூட்டி, சராசரி எடுத்து, அதுதான் கோடு. ஒரு பயிற்சில இத வெளையாட்டா நாங்க செஞ்சு பாத்தோம். பின்னக் கணக்கு ஒண்ணுக்கு நான் 40ன்னேன், பக்கத்துல உக்காந்த பவானி வாத்தியாரு 85ன்னாரு. டீ வர்ற வரைக்கும் சண்ட. கடைசில பாத்தா அவரு நெனச்ச பையன் வேற, நான் நெனச்ச பையன் வேற. "கரையேறுனவன்"னா யாருன்னு மொதல்ல ஒட்டுக்கா உக்காந்து பேசியிருக்கோணும்.

டிம்ஸ்னு கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒரு உலகத் தேர்வு இருக்குது. அதுல 400, 475, 550, 625-ன்னு நாலு கோடு. அந்தந்தக் கோட்டுக்கிட்ட நிக்கற பசங்க எந்தக் கேள்விய நூத்துக்கு 65 பேராச்சும் சரியாப் போட்டாங்க, அதே கேள்விய அடுத்த கீழ்க் கோட்டுல நிக்கறவங்க பாதிப் பேரு கூடப் போடலைன்னு பாத்து, அந்தக் கேள்விகள வெச்சுத்தான் "இந்த மட்டத்துல இருக்கறவங்களுக்கு இன்னது வரும்"னு எழுதறாங்க. பசங்க போட்டத வெச்சு எழுதறது, அதிகாரி ஆசப்பட்டத வெச்சு எழுதல. இது எனக்குப் புடிச்சுது.

ஜூலை 21

பீசா பத்தி ஒருத்தர் கேட்டாரு. அது நம்ம பழைய காயம். 15 வயசுப் பசங்களுக்குப் பல நாட்டுலயும் வெக்கற பரிட்சை. 2009 சுத்தோட சேத்து வெச்ச கூடுதல் சுத்துல தமிழ்நாடும் இமாச்சலமும் எழுதுச்சுங்க, ரிசல்ட்டு 2011 டிசம்பர்ல வந்துது, 74 எடத்துல 72ம் 73ம் நமக்கு. எல்லாரும் ராங்கப் புடிச்சுத் தொங்குனாங்க. நான் பாத்தது வேற. கணக்குல நம்ம சராசரி 351. அவங்க ஏணில மொதப் படி 358லதான் ஆரம்பிக்குது, வாழ்க்கைக்கு இதாச்சும் வேணும்னு அவங்க சொல்ற ரெண்டாம் படி 420. மொதப் படிக்கு வெவரம் என்னன்னா, பழகுன விசயமா இருந்து, வேண்டிய தகவலெல்லாம் கேள்விலயே இருந்து, கேள்வியுந் தெளிவா இருந்தா போடுவாங்க. மொதப் படிக்குக் கீழ? கணக்குல அன்னிக்கு ஒரு வரி கூட இல்ல. நம்ம சராசரி வுழுந்த எடத்துக்கு வார்த்தையே எழுதி வெக்கலீங்க. அந்தப் பசங்களுக்கும் ஏதோ வந்திருக்கும் தான, என்ன வரும்னு எழுத ஆளில்ல. 2022ல வந்து மொதப் படிக்குக் கீழ புதுசா ரெண்டு படி சேத்து, அங்க இருக்கறவங்களுக்கும் வெவரம் எழுதுனாங்க.

நம்ம நாட்டு நாஸ் தேர்வு, தேசிய அடைவு ஆய்வுன்னு சொல்றது, 2021 நவம்பர் 12ல நடந்துச்சே, மூணு, அஞ்சு, எட்டு, பத்துக்கு, அதுலயும் நாலு மட்டம்: அடிப்படைக்கும் கீழ, அடிப்படை, தேர்ச்சி, உயர்நிலை. கூடம், ஹாலு, வாசல், திண்ணைன்னு பேரு வெச்சிருந்தாலும் எனக்கு அதே அளவுதான் புரிஞ்சிருக்கும்.

இதுல எனக்குப் புடிச்சது அசர்காரங்க வழி, கிராமத்துப் பசங்களுக்கு என்ன வருதுன்னு சர்வே எடுக்கறவங்க. 2005ல இருந்து ஊடு ஊடாப் போயி ஒரே ஒரு தாள வெச்சுப் பாக்கறாங்க. 1-9 எண் தெரியும், 11-99 தெரியும், கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும், மூணு இலக்கத்த ஒரு இலக்கத்தால வகுக்கத் தெரியும். அவ்ளோதான். பையன் எந்த மட்டம்னு கேட்டா "கழித்தல்"னு சொல்லுவாங்க. மட்டத்தோட பேரே கணக்கோட பேரு. எங்க அப்பிச்சிக்குக் கூடப் புரியும். கொற என்னன்னா வகுத்தலோட நின்னுரும், ஏழாவது பையனுக்குப் பத்தாது.

ஜூலை 26

மறந்துட்டேன், அரும்பு மொட்டு மலர். 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்ப ஒண்ணு ரெண்டு மூணாவதுப் பசங்கள அப்படித்தான் பிரிச்சாங்க. பேரு அழகாத்தான் இருக்குது, பொடுசுக மனசு நோகக் கூடாதுன்னு வெச்சது, குத்தஞ் சொல்லல. ஆனா சத்தியமங்கலத்துல இருந்து வந்த ஒரு பூக்காரம்மா பெத்தோர் கூட்டத்துல எந்திரிச்சு "எம்புள்ள இன்னும் மொட்டுலயே இருக்குதுன்னு ஏனுங்க வெசனப்படறீங்க, எங்க மார்க்கெட்டுல மொட்டுக்குத்தான் வெலை, மலந்த மல்லிய யாரு வாங்குவா"ன்னு கேட்டுச்சு. மிஸ்ஸுக்குச் சிரிப்பு அடங்க அஞ்சு நிமிசம் ஆச்சாமா.

பெரிய கிளாஸுல "மெல்லக் கற்போர்", இங்கிலீஷ்ல ஸ்லோ லேர்னர், சுருக்கமா எஸ்.எல். அத மாத்தி "மெல்ல மலர்வோர்"னாங்க. பசங்க எதையும் வுட மாட்டாங்க, "சார் நானு எஸ்.எல். சார், எனக்கு அந்த சம் வேண்டாம் சார்"னு ஒருத்தன் எங்கிட்டயே சொன்னான். பேர எத்தன தடவ மாத்துனாலும் மூணே வாரத்துல அது வசவாயிருது.

ஆகஸ்ட் 3, ஆடி 18

நோம்பி. பவானி கூடுதுறைல கூட்டம் தாங்காது, நாங்க ஊட்டோட இருந்துட்டோம். காத்தால கவுந்தப்பாடி சக்கரை வாங்கக் கடைக்குப் போனேன், கடைக்காரரு பொண்ணு எட்டாவது, தராசுல நிக்குது. நாட்டுச்சக்கர போடுது, பொட்டிக் கண்ணாடில 0.250. "எவ்ளோ கண்ணு"ன்னேன், "கால் கிலோங்". அடுத்த ஆளுக்கு 0.5. "இது?" "அரை கிலோ". "எது எச்சு?" என்னப் பைத்தியம் மாதிரி பாத்துச்சு. பில்லு பொஸ்தகத்துல 0.250, 0.5 ரெண்டையும் எழுதி எது பெருசுன்னு கேட்டேன். 0.250-ஐத் தொட்டுக் காட்டுது! 250 பெருசு, 5 சிறுசாமா. கையில சக்கர இருந்தா தெரியுது, பேப்பர்ல எழுதுனா தெரியல. இப்பச் சொல்லுங்க, தசமத்துல இந்தப் பொண்ணு எந்த மட்டம்? பரிட்சைத் தாள் சொல்றது பாதிதான். கடையே வெவரமான்னா அதுவும் இல்ல, பத்தாவதுல தராசு கொண்டார முடியாது.

பச்சரிசி மாவும் சக்கரையும் மறந்துட்டுக் கதை பேசிட்டு வந்தேன்னு ஊட்டுல பாட்டு.

ஆகஸ்ட் 6

பத்தாவதுல 35 வாங்குனவனுக்கு என்ன தெரியும்னு கேட்டவருக்கு. கேளுங்க, தொழில் ரகசியம். ஒரு மார்க்குக் கேள்வி 14. எட்டு மார்க்கு ரெண்டு: ஒண்ணு வடிவியல் வரையறது, ஒண்ணு கிராஃப். ஆச்சா, 14ம் 16ம் 30. ஒரு அஞ்சு மார்க்கு எழுதுனா 35. அதனால தை மாசத்துல இருந்து எஸ்.எல். பசங்களுக்கு காத்தால ஸ்பெஷல் கிளாஸுன்னா வேற ஒண்ணுமில்ல, கிராஃப் போடு, தொடுகோடு வரை, பொஸ்தகத்துக்குப் பின்னால இருக்கற ஒரு மார்க்க மனப்பாடம் பண்ணு. நானே கோடி தடவ சொல்லிருக்கேன். பாஸும் ஆயிருவான், அவங்கப்பன் வந்து கையப் புடிச்சுக்குவாரு, எனக்கும் சந்தோசந்தான், பொய் சொல்லல.

ஆனா அந்த 35-ஐ வெச்சு "பத்தாவது கணக்குல அடிப்படை தெரிஞ்சவன்"னு ஒரு வரி எழுதுனா அது பொய்யி. அவனுக்கு x அச்சுல புள்ளி வெக்கத் தெரியும், காம்பஸ் புடிக்கத் தெரியும். ரெண்டுல ஒண்ணையும் மூணுல ஒண்ணையும் கூட்டத் தெரியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரு ஒப்புதல். ஜூலை கடைசில வீம்பா ஒரு நோட்டுப் போட்டேன், ஆறாவதுல 42 பேரு, ஒவ்வொருத்தருக்கும் "இது வருது, இது இந்த எடத்துல ஒடையுது"ன்னு ரெண்டு வரி. மொதப் பத்துப் பேருக்கு ஜோரா எழுதுனேன். இருவதாவது பேருக்கு "பின்னத்தில் கவனம் தேவை". முப்பதுக்கு மேல "கவனம் தேவை". நாப்பதுல வெறும் "தேவை"ன்னு மட்டும் எழுதாததுதான் பாக்கி. என்னைக் கேலி பண்ற அளவுக்கு அதே பழைய கார்டு ஆயிப்போச்சு. நாலு கிளாஸ், நூத்தம்பது பசங்க, மார்க்க மொபைல் ஆப்புல வேற பதியோணும், எந்த வாத்தியாரு எழுதுவாரு? அந்த மிஸ்ஸு "ஆவரேஜு"ன்னதுக்கு நான் மேல சித்த ஏளனமாப் பேசுன மாதிரி இருக்குது, அத வாபஸ் வாங்கிக்கறேன்.

இன்னொண்ணு, எழுதுன பத்துப் பேர்ல மூணு பேரு வெவரம் ரெண்டே வாரத்துல பொய்யாயிருச்சு. 402 பொண்ணு இப்ப 5003 போடறா. பையன் ஒருத்தன் போன வாரம் போட்டத இந்த வாரம் போடல, நோம்பிக்கு மூணு நாளு லீவு போட்டு வந்தான். மட்டம்னு ஒருத்தன் மேல எழுதறத வுட, அந்த நாளு எழுதுன அந்தத் தாளு மேல எழுதறதுதான் நாயம்னு தோணுது. உங்க கம்பெனிலயும் ஸ்டிக்கர பீஸு மேலதான ஒட்டறீங்க, தைச்ச ஆளு நெத்தில ஒட்டறதில்லயே.

ஆகஸ்ட் 18

அந்த அம்மா போன்ல சொன்னது: "தைச்ச ஆளு நெத்திலயும் ஒட்டுவாங்க சார், மாசக் கடைசில லிஸ்ட்டு போடுவாங்க." சரி, அந்த வரியையும் வாபஸ்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவங்க பையனோட ஆறாவது மூணாம் பருவத் தாள ஸ்கூல்ல கேட்டு வாங்கிட்டு, பையனையுங் கூட்டிட்டு ஊட்டுக்கே வந்துட்டாங்க. பையில ஒரு ரோலு செவப்பு அம்பு ஸ்டிக்கர்! மேசைல தாள விரிச்சு, தப்பான எடத்துக்கெல்லாம் அவனையே ஒட்டச் சொன்னோம். சமச்சீர்த்தன்மைல ஒண்ணு கூட இல்ல, அத்தனையும் சரி. தகவல் செயலாக்கமும் ஜோரு. முழுக்கள்ல ரெண்டு ஸ்டிக்கர், −7 பெருசா −3 பெருசாங்கற எடம். பின்னத்துல அஞ்சு. சுற்றளவு பரப்பளவுல ரெண்டு. ஆக 9.

அந்தச் சுற்றளவு கணக்க நான் மொதல்ல சுற்றளவு தெரியலைன்னுதான் நெனச்சேன். நீளம் 3¾, அகலம் 2½. தாள உத்துப் பாத்தா, ரெண்டையுங் கூட்டி ரெண்டால பெருக்கோணும்னு சரியா எழுதிருக்கான். கூட்டுனதுல 5 4/6. மேல இருந்த 3ஐயும் 1ஐயும் கூட்டி 4, கீழ 4ஐயும் 2ஐயும் கூட்டி 6. இன்னொரு சுற்றளவு கணக்குலயும் அதே கத. அப்ப 9 ஸ்டிக்கர்ல 7 ஒரே ஓட்டை. கூடவே நெகட்டிவ்ல ஒரு சின்னது.

அவங்கம்மா பைக்குள்ள இருந்து டேப்ப எடுத்தாங்க. "அரை இஞ்சும் முக்கால் இஞ்சும் கூட்டுனா எங்க வருது காட்டு"ன்னாங்க. டக்குனு ஒன்னேகாலத் தொட்டான். "பொறவு ஏண்டா ஆறுல நாலுன்னு எழுதுன?" "அது இஞ்சும்மா, இது கணக்கு." அந்த அம்மா என்னப் பாத்தாங்க, நான் சக்கரக் கடப் பொண்ணப் பத்திச் சொன்னேன். டேப்ப வெச்சே அரைய ரெண்டு கால் இஞ்சா எண்ண வெச்சோம், அப்பறம் அதே கோட்ட நோட்டுல. ரெண்டு மணி நேரம், நடுவுல போண்டா. கடைசில 12½ வந்துது.

அக்டோபர் 11, சனி

காலாண்டுப் பேப்பர் திருத்தி முடிச்சேன். அந்த ரோல்ல பாக்கி இருந்த ஸ்டிக்கர எடுத்துட்டுப் போயி, எங்க ஆறாவதுப் பசங்ககிட்ட தாளத் திருப்பிக் குடுத்து அவங்களையே ஒட்டச் சொன்னேன். 42 பேரும் ஒரு பீரியட்ல ஒட்டிட்டாங்க, நான் ரெண்டு வரி எழுதத் தேவைப்படல. 376 பையன் ஒட்டறப்ப "சார் இது எங்க தப்புன்னே தெரியலையே, எங்க ஒட்டட்டும்"னான். அப்படிக் கேட்டவங்க மொத்தம் 11 பேரு. அந்த 11 பேத்தத்தான் திங்கக்கெழமைல இருந்து தனியா உக்கார வெக்கோணும். அதுல ரெண்டு பேரு 70க்கு மேல வாங்குனவங்க.

ரோலு தீந்து போச்சுங்க அம்மிணி, இருந்தா இன்னொண்ணு குடுத்து வுடுங்க. ஆப்புல மார்க்கும் ஏத்திட்டேன், அங்க நம்பரு போட மட்டுந்தான் கட்டம் இருக்குது.